மோட்டாருக்கு வந்த தண்ணீர்

நேற்றுப் பட்டறைக்கு ஒரு பம்பு எஞ்சின் வந்தது. பிஸ்டன் இறுகி, சிலிண்டரோடு ஒன்றாகிப் போயிருந்தது. வண்டியிலிருந்து இறக்கி வைத்தவுடனே உங்களில் ஒருவர் பெரிய சுத்தியலைத் தேடினார். இன்னொருவர், “எந்த முட்டாப்பய இத ஓட்டினான்?” என்று கேட்டுச் சிரித்தார். எஞ்சினைக் கொண்டுவந்த விவசாயி தலையைக் குனிந்துகொண்டு வாசலிலேயே நின்றுவிட்டார். ஓய்வு பெற்றவன், ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டுப் போக வந்தவன் என்று நான் பேசாமல் இருந்திருக்கலாம். முடியவில்லை. உங்கள் எல்லோரையும் திட்டிவிட்டேன். எதற்காகத் திட்டினேன் என்று இன்றைக்காவது சொல்லிவிடுகிறேன்.

ஜெர்மன்காரனோடு முதல் சண்டை வருவதற்கு முந்தைய சமாச்சாரம் இது. நான் மேலப்பாளையத்துக்காரன். வீட்டில் எல்லோரும் தறியில் உட்கார, எனக்கு மட்டும் இரும்பின்மேல் ஆசை. ஆற்றுக்கு அக்கரையில் இருந்த ஓர் இரும்புப் பட்டறையில் பிட்டராக இருந்தேன். அரிசி மில், கரும்பாலை, எண்ணெய் எஞ்சின் என்று எங்கே எது மக்கர் செய்தாலும் கூப்பிட்டு விடுவார்கள். ஒரு கோடையில் கடற்கரையிலிருந்து ஆள் வந்தது. தாமிரபரணி கடலில் சேருகிற இடத்துக்குக் கொஞ்சம் தெற்கே ஒரு தனியார் உப்பளம். அங்கே படகு மோட்டார் இறுகிவிட்டதாம், உடனே வரவேண்டுமாம்.

படகுக்கு மோட்டாரா என்று நாங்களே வாயைப் பிளந்தோம். உப்பள முதலாளி தூத்துக்குடி வியாபாரி. வெளியே நங்கூரம் போட்டு நிற்கும் தோணிகளுக்கும் கப்பல்களுக்கும் போய்வர, கொழும்பு வழியாக அதை வரவழைத்திருந்தார். படகின் பின்பலகையில் மாட்டிக்கொள்ள வேண்டியது. மேலே ஒற்றை சிலிண்டர், அதன் தலையில் கையால் சுற்றிவிடும் பிளைவீல், அடியில் தண்ணீருக்குள் சுழலும் விசிறி. கடல் தண்ணீரையே உறிஞ்சித் தன்னைக் குளிர வைத்துக்கொள்ளும். அங்கேதான் ஆபத்தும். ஒவ்வொரு தடவை கடலுக்குப் போய் வந்ததும் நல்ல தண்ணீரை விட்டு உள்ளே அலசியாக வேண்டும். அலசாவிட்டால் உள்ளே உப்பு கட்டி, தண்ணீர் போகும் வழி அடைத்து, எஞ்சின் கொதித்து, துருவும் சேர்ந்து அத்தனையும் கவ்விக்கொள்ளும்.

நான் போய்ச் சேர்ந்தது திங்கட்கிழமை. மானேஜர் என்னை வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

“வாரும்வே, வாரும். வெள்ளிக்கெழம முதலாளி வாராரு. கொழும்பு ஏஜெண்டும் கூட வாராரு. அவர கப்பல்லேருந்து இந்த மோட்டார்லதான் கூட்டிட்டு வரணும்னு உத்தரவு. அதுக்குள்ள இது ஓடணும்.”

“எப்படி இறுகிச்சு?” என்று கேட்டேன்.

“அங்கன உக்காந்திருக்கான் பாரும், அவன்ட்ட கேளும்!”

உப்பு மூட்டைகளை அடுக்கும் கிட்டங்கியின் சுவரோரம் ஓர் ஆள் வெயிலில் உட்கார்ந்திருந்தான். என் வயதுதான் இருக்கும். கைகளைக் கயிற்றால் கட்டிப் போட்டிருந்தார்கள். மாட்டைக் கட்டுகிற கயிறு. மிக்கேல் என்று பெயர். கடற்கரைக்காரன், மோட்டாரை ஓட்டியவன் அவன்தான்.

“மோட்டார் அலச வச்சிருந்த நல்ல தண்ணிய உப்பளத்துப் பொம்பளையளுக்கு ஊத்திக் குடுத்திருக்கான்வே! மோட்டாரக் கெணத்து உவர்த் தண்ணியில கழுவிட்டு, ஒண்ணுந் தெரியாத மாதிரி இருந்திருக்கான். முதலாளி வந்ததும் போலீசுல குடுக்கப் போறேன். கம்பெனிச் சொத்த வேணும்னே நாசம் பண்ணினான்னு நீரு ஒரு வார்த்த சொல்லணும். பட்டணத்து பிட்டரு சொன்னா எடுபடும்.”

நான் மோட்டாரைப் பார்த்தேன். பிளைவீல் பாறை மாதிரி நின்றது. நட்டுகளின் முனை மழுங்கி, பித்தளை பச்சை பூத்து, இரும்பு செதில் செதிலாக உரிந்து கிடந்தது. ஓர் அருமையான யந்திரத்தை இந்தக் கதிக்குக் கொண்டுவந்த கையை உடைத்தால் என்ன என்றுதான் அந்த நிமிஷம் எனக்குத் தோன்றியது. நேராக அவனிடம் போனேன்.

“ஏம்வே, உப்புத் தண்ணியில கழுவினா இப்படி ஆகும்னு உமக்குத் தெரியாதா?”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா செஞ்சீரு?”

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். “மோட்டாரு வாயத் தொறந்து கேக்காது சாயபு. அவளுவ கேக்குதாளுவளே. நான் என்ன செய்யட்டும்?”

எனக்கு அப்போது அது புரியவில்லை. வேலையை ஆரம்பிக்காமலேயே அன்றைக்குப் பொழுது போயிற்று.

மறுநாள் காலையில் பாத்திகளின் பக்கம் நடந்து போனேன். கண்ணைக் கூசவைக்கும் வெள்ளை. பெண்கள் உப்பைக் கூடையில் வாரி, தலையில் சுமந்து, மேட்டில் கொட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னிடம் வந்தாள். பாதம் முழுக்க வெடிப்பு, வெடிப்புக்குள் உப்பு. பேச்சி என்று பெயர் சொன்னாள்.

“நீங்கதான் திருநவேலி பிட்டரு சாயபா? ஒரு வாய் தண்ணி குடிங்க.”

அவர்கள் குடிப்பதற்கென்று விட்டிருந்த கிணற்றுத் தண்ணீர் அது. வாங்கி வாயில் விட்டேன். விழுங்க முடியவில்லை, துப்பிவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

“துப்பிட்டிய. நாங்க துப்ப முடியாது. மாசி பொறந்ததுலேருந்து இந்தத் தண்ணிதான். மானேஜருட்ட சொன்னோம். ஆத்துத் தண்ணி வண்டி மோட்டாருக்குத்தான் வருது, ஒங்களுக்கு இல்லன்னாரு. அன்னிக்கு முத்தம்மா பாத்திக்குள்ளயே விழுந்துட்டா. கண்ணு சொருகிப் போச்சு. மிக்கேலண்ணன்தான் பீப்பாயத் தொறந்து அவ வாயில ஊத்தினாரு. அவ பொழச்சா. அப்புறம் எல்லாரும் கேட்டோம். அவரு இல்லன்னு சொல்லல. கயித்தால கட்டணும்னா, குடிச்ச எங்களையுமில்லா கட்டணும்?”

நான் திரும்பி நடந்தேன். கிட்டங்கிக்குப் பக்கத்தில் ஓலைக் கொட்டகை ஒன்று போட்டு, அதன் நிழலில் அந்தப் பீப்பாயை வைத்திருந்தார்கள். வாய்க்குப் பூட்டு. சாவி மானேஜர் இடுப்பில். வெயிலில் வேகிற அத்தனை பேருக்கு ஒரு பந்தல் கிடையாது. தண்ணீர்ப் பீப்பாய்க்கு நிழல் உண்டு! முந்தின நாள் மிக்கேல்மேல் வந்த கோபம் அப்படியே திசைமாறிற்று. மாறியது மாறியதுதான், இன்றைக்கும் ஆறவில்லை.

நான் மோட்டாரிடம் வந்தபோது மானேஜர் ஒரு கொல்லரைக் கூட்டி வந்து நிறுத்தியிருந்தார். கையில் சம்மட்டி. “நீரு யோசிச்சது போதும். ஓங்கி ரெண்டு போட்டா தானா சுத்தும்” என்றார். கொல்லர் சம்மட்டியைத் தூக்கியே விட்டார். நான் பிளைவீலின்மேல் குறுக்கே விழாத குறையாகக் கையை வைத்தேன்.

“அடிங்க. அடிச்சு வார்ப்பு கீறிச்சுன்னா வேற சிலிண்டர் கொழும்புலேயும் கெடைக்காது. அதயும் மிக்கேல் கணக்குலதான் எழுதுவியளா?”

கொல்லர் நல்ல மனிதர். சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு, “சாயபு சொல்லுதது சரிதான்” என்று ஒதுங்கிக்கொண்டார். மானேஜர் பல்லைக் கடித்தார். “அப்ப என்னதான்வே செய்யணும்?”

“ரெண்டு வேணும். உள்ள கட்டியிருக்க உப்பு கரையணும், அதுக்கு நல்ல தண்ணி வேணும். சுடச்சுட, திரும்பத் திரும்ப ஊத்தணும். அந்தப் பீப்பாய் பத்தாது. அப்புறம் இந்த மோட்டார் எந்தச் சத்தத்துக்கு எப்படி நடந்துக்கும்னு தெரிஞ்ச ஆள் எனக்குக் கூட வேணும். அவர அவுத்து விடுங்க.”

மிக்கேலை அவிழ்த்து விட்டார்கள். அதற்குக் கொஞ்சம் வாதாட வேண்டியிருந்தது. தண்ணீருக்கு வாதாடவே வேண்டியிருக்கவில்லை, தம்பிகளே! மோட்டாருக்கு என்ற சொல் வாயிலிருந்து விழுந்ததும் மானேஜர் இரண்டு மாட்டு வண்டிகளை ஆற்றுக்கு விரட்டினார். மாசியிலிருந்து கெஞ்சிக்கொண்டிருந்த பெண்களுக்கு இல்லாத வண்டி, மாடு, பீப்பாய், ஆள் எல்லாம் ஒரு காலைப் பொழுதில் எங்கிருந்தோ முளைத்தன.

வண்டிகள் வந்தன. தண்ணீரைக் காய்ச்சி மோட்டாருக்குள் ஊற்றினோம். அடியில் பழுப்பும் வெள்ளையுமாக ஒழுகி, மணலில் இறங்கிப் போயிற்று. கூடையோடு போய்க்கொண்டிருந்த பெண்கள் அதைப் பார்த்தபடி நின்றுவிட்டார்கள். பேச்சி மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

“அடுத்த பொறப்புலயாவது மோட்டாராப் பொறக்கணும்டி.”

என் கையில் இருந்த குடத்தை என்னால் சாய்க்க முடியவில்லை. கீழே வைத்தேன். ஸ்பானரையும் மணலில் போட்டேன்.

“மானேஜர், இவங்க எல்லாரும் குடிக்கட்டும். அப்புறம் தொடுதேன்.”

“அது மோட்டாருக்கு வந்த தண்ணிவே!”

“தெரியும். இவங்க குடிக்காம நான் தொட மாட்டேன். வேற பிட்டரக் கூப்பிடுங்க.”

வேறு பிட்டர் திருநெல்வேலியிலிருந்துதான் வரவேண்டும். வெள்ளிக்கிழமையோ நெருங்கிக்கொண்டிருந்தது. மானேஜர் முகம் சிவந்து, கறுத்து, கடைசியில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டது. மிக்கேல் வண்டிப் பீப்பாயின் மூடியைத் திறந்தான். பெண்கள் வரிசையில் வந்தார்கள். சிலர் முதல் வாய்த் தண்ணீரை விழுங்காமல் கொஞ்ச நேரம் வாயிலேயே வைத்திருந்தார்கள். அதைப் பார்த்தது எனக்கு மறக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் வேலை. மண்ணெண்ணெயும் புன்னை எண்ணெயும் கலந்து ஊறவிடுவது, ஒத்தடம் கொடுப்பது, தட்டுவது எல்லாம் உங்களுக்கே தெரியும். அதைச் சொல்லி நேரத்தைப் போக்கப் போவதில்லை. எங்கே நிறுத்த வேண்டும் என்பதைத்தான் சொல்ல வேண்டும். சிலிண்டரைப் பிடித்திருந்த போல்ட்டுகளில் ஒன்று மட்டும் இளகவே இல்லை. புதன்கிழமை மாலையில் அது லேசாகக் கிரீச்சிட்டது. “ஆங், வருது வருது, அழுத்தும்!” என்று மானேஜர் பின்னாலிருந்து கத்தினார். எனக்கும் கை துறுதுறுத்தது. மிக்கேல் உள்ளங்கையை போல்ட்டின் தலையில் வைத்துப் பார்த்துவிட்டு, “வரல சாயபு. முறுங்குது. பைய” என்றான். எனக்கும் அதே சந்தேகம்தான். சத்தத்தை வைத்துப் பார்த்தால் தளர்வது போலத்தான் இருந்தது. கைக்கு, போல்ட்டின் கழுத்து முறியப் போவது போல இருந்தது. ஸ்பானரை எடுத்துவிட்டேன். எண்ணெயை விட்டு, துணியைச் சுற்றி, இன்றைக்கு இவ்வளவுதான் என்று எழுந்தேன். மானேஜர் சொன்ன வசவுகளை இங்கே சொல்ல முடியாது. இறுகியதை அசைக்கும்போது பின்னால் நின்று அவசரப்படுத்துகிறவனுக்கு முதுகைக் காட்டப் பழகிக்கொள்ளுங்கள். உடைந்தால் அவன் போய்விடுவான். நீங்கள்தான் உடைந்த துண்டோடு நிற்பீர்கள்.

வியாழக்கிழமை காலையில் அந்த போல்ட் வெண்ணெய் மாதிரி வந்தது. மத்தியானத்துக்குள் பிஸ்டனும் ஒரு நெல்லளவு அசைந்தது. நெல்லளவு அசைந்தால் போதும், மீதி பொறுமைதான். சாயங்காலம் மிக்கேல் பிளைவீலைச் சுற்றிவிட்டான். இரண்டு தடவை இருமி, புகையைக் கக்கி, மோட்டார் ஓடிற்று. அவன் கண்ணில் நீர். அந்த மோட்டார்மேல் அவனுக்கு என்னைவிட ஆசை இருந்தது என்று அப்போதுதான் கண்டேன். பெற்ற பிள்ளையைத் தடவுகிற மாதிரி அதைத் தடவினான். இவனைப் பிடித்துத்தான் வேண்டுமென்றே நாசம் செய்தான் என்றார்கள், நேற்று வாசலில் நின்றவரை நீங்கள் முட்டாப்பய என்றது போலவே!

வெள்ளிக்கிழமை முதலாளி வந்தார். கப்பலிலிருந்து ஏஜெண்டை மோட்டார் படகில் கூட்டி வந்தது மிக்கேல்தான். ஓட்ட வேறு ஆள் இல்லை. ஏஜெண்டுக்கு ஒரே சந்தோஷம். அவர் பங்களாவுக்குள் போனதும் முதலாளி குடையோடு மோட்டாரின் பக்கம் வந்தார்.

“பிட்டரு, மானேஜரு என்னமோ சொல்லுதாரு. இது எப்படிவே இறுகிச்சு?”

மானேஜர் என் முகத்தையே பார்த்தார். மிக்கேல் படகைப் பிடித்தபடி முழங்கால் தண்ணீரில் நின்றான்.

“உப்பு அண்ணாச்சி. நல்ல தண்ணி போகல.”

“ஏன் போகல?”

“ஒத்த வண்டித் தண்ணி. அத மோட்டாரும் இத்தன ஆளும் பங்கு போட வேண்டியிருக்கு. ஒங்க கெணத்துத் தண்ணிய மனுசன் குடிக்க முடியாது, நான் குடிச்சுப் பாத்தேன். ஒரு பொம்பள சாகக் கெடந்திருக்கா. மிக்கேல் எடத்துல நான் இருந்தாலும் பீப்பாயத் தொறந்துதான் விட்டிருப்பேன்.”

“அப்படின்னா திரும்பவும் இறுகும்னு சொல்லுதீரு.”

“ஆளுக்குத் தனியா தண்ணி வராத வரைக்கும் எத்தன தடவ எடுத்து விட்டாலும் இறுகும்.”

முதலாளி தாடையைத் தடவிக்கொண்டு யோசித்தார். “ஓய் மானேஜரு, ஆளுகளுக்கு இன்னொரு வண்டி போடும். மோட்டாரு பாழாயிரப்பிடாது.” பிறகு குடையாலேயே மிக்கேலைக் காட்டினார். “போலீசெல்லாம் வேண்டாம், ஏஜெண்டு இருக்கையில அசிங்கம். ஆனா இவன் வேண்டாம். பீப்பாயத் தொறந்த கையி நாளைக்கு வேற எதயும் தொறக்கும்.”

“அண்ணாச்சி, அவரு இல்லன்னா இது அசைஞ்சே இருக்காது” என்றேன்.

“அதான் அசைஞ்சிட்டுதுல்லா” என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அந்தப் பதிலை நான் எத்தனையோ வருஷமாக மென்றுகொண்டிருக்கிறேன். தண்ணீர் கிடைத்தது, உண்மைதான். மிக்கேல் ஜெயிலுக்குப் போகவில்லை, அதுவும் உண்மைதான். ஆனால் ஒரு பெண் செத்துப் பிழைத்தாள் என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவே இல்லை. மோட்டார் இறுகும் என்றது மட்டும் ஏறிற்று. மனிதருக்குத் தாகம் எடுக்கும் என்பதை ஒரு யந்திரத்தின் ரிப்பேராகச் சொன்னால்தான் அவருக்கு விளங்கிற்று. நான் விளங்கும்படிதான் பேசினேன், வேறு வழி தெரியவில்லை. அதற்காக அந்தக் கோபம் எங்கே போகும்?

மிக்கேலும் நானும் ஒரே வண்டியில் கிளம்பினோம். ஆத்தூரில் ஆற்றைக் கண்டதும் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினான். அந்தக் கோடையிலும் முழங்காலளவு தண்ணீர், தெளிவாகக் கிழக்கே ஓடிக்கொண்டிருந்தது. அள்ளிக் குடிக்கப் போகிறான் என்று நினைத்தேன். குடிக்கவில்லை. கரையிலேயே நின்று பார்த்துவிட்டு, “இம்புட்டும் சும்மா கடலுக்குத்தானே சாயபு போவுது. இதுல ஒரு வண்டித் தண்ணிக்கா என் கையக் கட்டினானுவ?” என்றான். தூத்துக்குடிக்குப் போய் அங்கே சரக்குத் தோணியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

சில வருஷம் கழித்து ஏரல் சந்தையில் ஒரு பெண் என்னை, “சாயபு, சாயபு” என்று கூப்பிட்டாள். பேச்சி. தலையில் காய்கறிக் கூடை. உப்பளம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

“மோட்டார வித்துட்டாங்க சாயபு. வித்த மறுநாளே தண்ணி வண்டியும் நின்னு போச்சு.”

எனக்கு ரத்தம் கொதித்தது. “நிறுத்திட்டானுவளா? நீங்க என்ன செஞ்சிய?”

“என்ன செய்ய? கூடையக் கீழ வச்சிட்டு எல்லாரும் வரப்புல உக்காந்துட்டோம். மானேஜரு கத்தினாரு. வேற ஆளக் கூட்டிட்டு வருவேன்னாரு. கூட்டிட்டு வாங்க, வந்தவளுக்கும் கெணத்துல மோந்து ஒரு வாய் குடுங்கன்னேன். உப்பு அங்கன வெளஞ்சு கெடக்கு, அள்ள ஆளில்ல. தோணி வந்து நிக்கி.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, வண்டி வந்துச்சு.” அவள் கூடையைச் சரிசெய்துகொண்டாள். “இந்தத் தடவ எங்களுக்குன்னே வந்துச்சு, சாயபு.”